மேலு திருப்பி வைத்த மூக்கு

ஹூஸ்டன்
8 மார்ச் 1998

மாரி,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமில்லை என்று ஷ்யாமளா சொல்லிவிட்டாள். உன் பெண்டாட்டியைத் திட்டாதே, நான்தான் அவள் வாயைக் கிளறினேன். இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு நான்கு மணி நேரம் கிடக்கிறாயாம். ஐந்து மாதமாக! கூடப்பிறந்தவள் ஒருத்தி டெக்சாஸில் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு மனசு வரவில்லை.

"இனிமே உன் குரலையே கேக்க மாட்டேன்" என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் போனை வைத்தாய். சரி, குரலைத்தானே சொன்னாய். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் செய்ததை நான் மறக்கவில்லை. அப்பா சாத்தூரில் கண்ணை மூடினபோது உன் கிரீன் கார்டு மனு பாதியில் நின்றது. நாட்டை விட்டு வெளியே போனால் மனு செத்துவிடும் என்று உன் வக்கீல் சொல்லியிருந்தார். அப்பா விஷயம் தெரிந்தால் நீ ஒரு நிமிஷம் நிற்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் மறைத்தேன். பதினோரு நாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இரண்டு கிட்னி இருக்கிறது, ஒன்று போதும். மற்றதை எடுத்துக்கொள். முடிந்தது பேச்சு.

கயலுக்கு ஒன்பது வயது. இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் என் பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன் என்று நான் ஒரே பிடியாக இருக்கிறேன். அவள் கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் மாலில் போய்க் குத்திக்கொண்டு வந்து ஆட்டிக் காட்டுகிறார்களாம். தினமும் என் உயிரை எடுக்கிறாள்.

எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் தனியாக அனுப்பியிருக்கிறேன். கடையில் விற்கிறது இல்லை, நானே போட்டது.

கலாவதி


ஜெர்சி சிட்டி
19 மார்ச் 1998

அக்கா,

கிட்னிப் பேச்சை எடுக்காதே. எடுத்தால் கையெழுத்தும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

நீ மறைத்ததைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். அந்தப் பதினோரு நாளும் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து எனக்குப் போன் பண்ணினாயே, அதை எப்படி மறப்பது? "ஹூஸ்டன்ல ஒரே மழைடா தம்பி, டிராஃபிக் நகரவே மாட்டேங்குது" என்றாய். நானும் குடை எடுத்துட்டுப் போக்கா என்றேன். பெரியப்பா மகன் எனக்குப் பதிலாகக் கொள்ளி வைத்துவிட்டு உன் பக்கத்தில் மொட்டைத் தலையோடு நின்றிருப்பான். உன் குரல் கேட்டால் எனக்கு அந்த மழைதான் கேட்கும். அதனால்தான்.

ஊறுகாய் வந்தது. டயாலிசிஸ்காரனுக்கு உப்பு ஆகாது என்று ஷ்யாமளா உனக்குச் சொல்லவில்லையா? பாட்டிலை டயாலிசிஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். எங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். மத்தியானச் சோற்றோடு பாட்டிலைக் காலி பண்ணிவிட்டார்கள். கடன் தீர்க்கிற மாதிரி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இடது கையில் இரண்டு ஊசி, வலது கை சும்மாதானே இருக்கிறது என்று இதை எழுதுகிறேன். கயலுக்குப் படித்துக் காட்டு.

ரெமி என்ற நர்ஸ் சொன்னது. அவள் தகாலோக் இனம், ஊர் பத்தாங்காஸ். என் கையில் ஊசி போட அவளை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது, எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது.

ஆதியில் கடலும் வானமும் மட்டும்தான். நடுவில் ஒரே ஒரு பருந்து. உட்கார ஓர் இடமில்லாமல் பறந்து பறந்து அதற்கு இறக்கை ஓய்ந்துவிட்டது. அது ஒரு வேலை செய்தது, கடலையும் வானத்தையும் மூட்டிவிட்டது. கடல் பொங்கி வானத்தை அடிக்கப் போனது. கடலை அடக்க வானம் மேலிருந்து பாறைகளை அள்ளிப் போட்டது. அவைதான் தீவுகள். பருந்துக்குக் கூடு கட்ட இடம் கிடைத்தது. அப்புறம் நிலக்காற்றுக்கும் கடல்காற்றுக்கும் கல்யாணமாகி ஒரு மூங்கில் பிறந்தது. மிதந்து வந்த மூங்கில் கரையில் நின்ற பருந்தின் காலில் இடித்தது. கோபத்தில் ஒரே கொத்து! மூங்கில் பிளந்து ஒரு கணுவிலிருந்து ஆணும் இன்னொரு கணுவிலிருந்து பெண்ணும் வந்தார்கள்.

"சண்டை மூட்டி விட்டுத்தான் எங்க நாடே வந்துச்சு" என்றாள் ரெமி, ரொம்பப் பெருமையாக.

மாரிசாமி


ஹூஸ்டன்
12 ஏப்ரல் 1998

மாரி,

உப்பு ஆகாது என்று எனக்கு யார் சொன்னது? வாழைப்பழமும் இளநீரும் ஆகாது என்று இப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என்னதான் ஆகும் உனக்கு? பட்டினியா போடுகிறார்கள்?

கயலுக்குப் படித்தேன். அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள். நான் தமிழில் படிக்கப் படிக்க, அவள் இங்கிலீஷில் குறுக்கே குறுக்கே கேட்கிறாள். மறுநாள் ஸ்கூலில் போய் "மை அங்கிள் நோஸ் ஹவ் தி வேர்ல்ட் பிகேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஒரு மாமன் இருக்கிறான் என்று வெளியே சொல்வது இதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மற்றவர்கள் கதையையும் எழுது. கிட்னியைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை, கவனித்தாயா?

கலாவதி


ஜெர்சி சிட்டி
9 மே 1998

அக்கா,

கவனித்தேன். ஒன்றும் எழுதவில்லை என்று எழுதியிருந்தாய்.

இந்த முறை ஃபௌஸ்தோ. மெஷின் பார்க்கிற டெக்னீஷியன். நான் உள்ளே நுழைந்ததும் எடை பார்க்கிற மெஷினில் ஏற்றி, அளவுக்கு மேல் எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்று கண்டுபிடித்துக் கத்துகிறவன். மிந்தனாவோ தீவுக்காரன். அப்பா பிலான் இனம், அம்மா மந்தாயா இனம். உலகம் எப்படி வந்தது என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சியாம்.

முதலில் அம்மா கட்சி. லிமோகோன் என்று ஒரு புறா. அது மாயோ ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு முட்டையும், ஆறு தொடங்குகிற இடத்தில் ஒரு முட்டையும் இட்டது. ஒன்றில் ஆண், ஒன்றில் பெண். இன்னொரு ஆள் இருப்பது தெரியாமலே இரண்டு பேரும் வருஷக்கணக்கில் தனியாக இருந்தார்கள். ஒரு நாள் அவன் ஆற்றைக் கடக்கும்போது ஒரு நீளமான தலைமுடி காலில் சுற்றிக்கொண்டது. மூழ்கிச் சாகத் தெரிந்தான். தட்டுத்தடுமாறிக் கரையேறி அந்த முடியைப் பார்த்தான். இது யாருடையது என்று தேடிக் கிளம்பிவிட்டான். நாள்கணக்கில் நடந்து அவளைக் கண்டுபிடித்தான்.

இப்போது அப்பா கட்சி. இது கயலுக்குப் பிடிக்கும். மேகத்தில் மேலு என்று ஒருவர். பெரிய உருவம், பல்லெல்லாம் தங்கம். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம், எந்நேரமும் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். உதிர்ந்த தோல் பக்கத்தில் மலையாகக் குவிந்துவிட்டது. இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதைப் பிசைந்து பூமியைச் செய்தார். மிச்சத்தில் தன்னைப் போலவே இரண்டு மனிதர்கள். இரண்டாவது ஆளுக்கு மூக்கு மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து பூமிக்கு அடியிலிருந்து ஒருத்தன் வந்து, மூக்கை நான்தான் வைப்பேன் என்று மல்லுக்கு நின்றான். வைத்தான், தலைகீழாக! அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. பெரிய மழை வந்தது. தலையில் விழுந்த தண்ணீரெல்லாம் மூக்குத் துளைக்குள் போய் ஆள் மூச்சுமுட்டிச் சாகப் போனான். மேலு ஓடிவந்து மூக்கைத் திருப்பி வைத்தார்.

இதை ஃபௌஸ்தோ தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்ட, எதிர் நாற்காலிக் கிழவர் சிரித்த சிரிப்பில் அவர் மெஷின் அலாரம் அடித்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த நான்கு மணி நேரமும் முன்பெல்லாம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். இப்போது சனிக்கிழமை எப்போது வரும் என்றிருக்கிறது. இவர்களுக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. நீ இன்னொரு பாட்டில் அனுப்பினால் நல்லது.

மாரி


ஹூஸ்டன்
14 ஜூன் 1998

மாரி,

நான்கு பாட்டில் அனுப்பியிருக்கிறேன், ரெமிக்கும் ஃபௌஸ்தோவுக்கும் பேர் ஒட்டி. ஃபௌஸ்தோவுக்கு மட்டும் இரண்டு, பேர் ஒட்டாதது மற்றவர்களுக்கு.

கயல் கேட்டாள், மேலு தன் தோலை எடுத்தபோது அவருக்கு வலிக்கவில்லையா என்று. அவர் அதை மிச்சம் என்றுதானே நினைத்தார், வலித்திருக்காது என்றேன். சொல்லும்போதே எனக்கு ஒரு தைரியம் வந்தது. அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

போன மாதம் இங்கே டெஸ்ட் எல்லாம் எடுத்துவிட்டேன். உன் பேப்பரை ஷ்யாமளா ஃபேக்ஸ் பண்ணினாள். ரத்தத்தில் ஆறு அடையாளம் பார்ப்பார்களாம், ஆறுக்கு ஆறு பொருந்துகிறது! உங்க அத்தானுக்கும் எனக்கும் ஜாதகத்தில்கூட இவ்வளவு பொருத்தம் இல்லை. உங்கள் ஆஸ்பத்திரியிலும் பேசிவிட்டேன். ஆகஸ்ட் 12 காலி இருக்கிறதாம், அதையே வாங்கிவிட்டேன். டிக்கெட்டும் போட்டாயிற்று. இங்கே எங்கள் கடையை அத்தான் பார்த்துக்கொள்வார். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், வந்து படுத்தால் போதும்.

கலாவதி


ஜெர்சி சிட்டி
20 ஜூன் 1998

அக்கா,

மறுபடியும்.

அன்றைக்கும் எனக்கு எது நல்லது என்று நீதான் முடிவு பண்ணினாய். இன்றைக்கும் நீயே. என் பேப்பர், என் ஆஸ்பத்திரி, என் உடம்பு, எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் எனக்கு ஒரு கடுதாசி. ஷ்யாமளாவோடும் நான் இரண்டு நாளாகப் பேசவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி 12ஆம் தேதியை ரத்து பண்ணிவிட்டேன். எனக்கு இந்த நாற்காலியே போதும். எழுதாதே.

மாரிசாமி


ஹூஸ்டன்
26 ஜூலை 1998

மாரி,

எழுதாதே என்றாய். ஒரு மாதம் இருந்து பார்த்தேன், முடியவில்லை. இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அந்தப் பூத்தைப் பற்றி நீ எழுதினாய். நானும் சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு நாளும் உனக்குப் போன் பண்ணும் முன்னால் பூத்துக்கு வெளியே நின்று ஒருதரம் சிரித்துப் பார்ப்பேன், குரல் சரியாக வருகிறதா என்று. பூத்துக்காரர் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார். ஒன்பதாம் நாள் உனக்கு இன்டர்வியூ. "நல்லா முடிஞ்சுதுக்கா, அப்பாட்ட சொல்லிடு, சந்தோஷப்படுவாரு" என்றாய். "சொல்றேன்டா" என்றேன். வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அப்பா படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். நீ சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன், அது மட்டும் பொய் இல்லை.

நீ சொன்னது சரி. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கிரீன் கார்டு வேண்டுமா, அப்பா முகம் வேண்டுமா என்று நீதான் சொல்லியிருக்க வேண்டும். உன் பங்கு அழுகையையும் நானே எடுத்துக்கொண்டேன். அதற்கு உன்னிடம் மன்னிப்பு கேட்கிறேன். ஏழு வருஷமாக "உன் நல்லதுக்குத்தான்" என்று சொன்னேனே தவிர, இதைக் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். உனக்கு என் கிட்னியில் ஒன்றைத் தரட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம். நான் தேதி வாங்க மாட்டேன், டிக்கெட் போட மாட்டேன், ஷ்யாமளாவை நச்சரிக்க மாட்டேன். ஆனால் என் தலைமுடி ஒன்று உன் காலில் சுற்றித்தான் இருக்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

அக்கா


ஜெர்சி சிட்டி
5 செப்டம்பர் 1998

அக்கா,

கிழிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

ஒரு மாதத்துக்கு மேல் நான் நாற்காலியில் பேனாவையே தொடவில்லை. எர்லிண்டா என்ற நர்ஸ் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வடக்கே பொந்தோக் மலைக்காரி, அதிகம் பேச மாட்டாள். உன் ஊறுகாயைத் தினம் ஒரு துண்டு என்று அளவாகச் சாப்பிடுகிறவள். "என்ன, அக்காவுக்கு லெட்டர் நின்னுபோச்சா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் ஊர்க் கதையைச் சொன்னாள்.

அவர்கள் ஊரில் லுமாவிக் என்று பெரிய கடவுள். அவர் நாணல்களை வெட்டினார். ஜோடி ஜோடியாகப் பிரித்து உலகத்தில் வெவ்வேறு இடங்களில் வைத்தார். வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம், "பேசுங்கள்." உடனே நாணலெல்லாம் ஆணும் பெண்ணுமாக எழுந்து பேச ஆரம்பித்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு பாஷை, பக்கத்து ஜோடிக்குப் புரியாது.

"உன் பாஷை பேசுற ஜோடி டெக்சாஸ்ல இருக்கு. இங்க வந்து எங்ககிட்ட சொல்லி என்ன பண்ண?" என்று கேட்டுவிட்டு, ரத்த அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அதே வாரம் இன்சூரன்ஸ் ஃபைலுக்கு என்று கிரீன் கார்டு காப்பி கேட்டார்கள். வருஷக்கணக்கில் அந்த அட்டையை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. பார்த்தேன். இன்டர்வியூவுக்கு முதல் நாள் அவசரமாக எடுத்த போட்டோ, வலது காது தெரிகிற மாதிரி. அதில் நான் எப்படிச் சிரிக்கிறேன் தெரியுமா? அப்பா போய் எட்டு நாள் ஆகியிருக்கிறது. ஆனால் அந்தப் போட்டோவில் இருக்கிறவனுக்கு அப்பா உயிரோடுதான் இருக்கிறார். அந்தப் பதினோரு நாளை நீ எனக்குக் கொடுத்திருக்கிறாய். உனக்கு யார் கொடுத்தார்கள்? அந்த அட்டை இல்லையென்றால் இந்த வேலை நிலைத்திருக்காது, இன்சூரன்ஸ் இல்லை, இந்த நாற்காலியே இல்லை. ஐந்து மாதமாக நான் ரெமிக்கும் ஃபௌஸ்தோவுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டிய முதல் ஆளுக்கு இன்னும் சொல்லவில்லை.

நன்றி, அக்கா.

நீ கேட்டாய். தா. வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் பண்ணு. நானே எடுப்பேன்.

மாரி


ஹூஸ்டன்
14 செப்டம்பர் 1998

தம்பி,

இப்படி ஒரு போனை உலகத்தில் யாராவது பேசியிருப்பார்களா? நீ "அக்கா" என்றாய். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான். ஏழு நிமிஷம் நீ அங்கே மூக்கை உறிஞ்ச, நான் இங்கே மூக்கை உறிஞ்ச. கடைசியில் கயல் ரிசீவரைப் பிடுங்கி, "மாமா, பேசுங்க!" என்றாளே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் ஒரு வார்த்தை தமிழில் பதில் சொல்ல மாட்டாள். எர்லிண்டா கதையை மூன்று தடவை படிக்கச் சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம் உன்னைக் கேட்க வேண்டும், நானாக முடிவு பண்ணவில்லை. ஆபரேஷன் முடிந்தால் ஆறு வாரம் உன் மடியில் யாரும் உட்காரக் கூடாதாம். அதற்கு முன்னாலேயே காது குத்திவிடலாமா? ஆசாரியை அங்கே எங்கே தேடுவது என்று கவலைப்படாதே. உன் ரெமியைக் கேட்டுப் பார், எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று எழுதியிருந்தாயே. தோடு நான் எடுத்து வைத்து ஏழு வருஷம் ஆகிறது.

கயல் இப்போது அறுபத்தெட்டு பவுண்டு. உன் மடி தாங்குமா என்று ஃபௌஸ்தோவிடம் கேட்டு எழுது.

அக்கா


ஜெர்சி சிட்டி
11 நவம்பர் 1998
ஐந்தாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு

அக்கா,

இதே ஆஸ்பத்திரியில் இரண்டு மாடிக்குக் கீழே படுத்திருக்கிற உனக்குக் கடுதாசி எழுதுகிறான் பார் என்று ஷ்யாமளா சிரிக்கிறாள். இன்னும் உன்னை வந்து பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள். போன் இருக்கிறது. ஆனால் இது காகிதத்தில் இருக்க வேண்டும்.

உன் கிட்னி வந்த வேகத்திலேயே அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டது. ஆபரேஷன் மேஜையிலேயே ஒன்றுக்கு வந்துவிட்டதாம், டாக்டர்களே கை தட்டினார்களாம். ஒரு வருஷத்துக்கு அப்புறம் கட்டிலில் தொங்குகிற மூத்திரப் பை நிறைவதைப் பார்த்து நான் குழந்தை மாதிரி அழுதேன். இன்று காலை ஒரு முழு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள், மெதுவாகக் குடித்தேன். யாரும் எடை பார்க்கவில்லை.

என் மடியில் போன ஞாயிறு கயல் உட்கார்ந்த கனம் இன்னும் தொடையில் இருக்கிறது. ரெமி குத்தினபோது ஒரு சத்தம் போடவில்லை பார், என் சட்டைக் காலரைத்தான் கிழித்துவிட்டாள். ஃபௌஸ்தோவும் எர்லிண்டாவும் கை தட்டினார்களே, நம் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தாலும் அப்படி இருந்திருக்காது.

நேற்று கயல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, எல்லார் ஊருக்கும் கதை இருக்கிறது, நம்முடையது எங்கே என்று கேட்டாள். யோசித்து ஒன்று சொன்னேன். உனக்கும் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து.

ஆதியில் ஒரு அக்கா இருந்தாள். யாரையும் கேட்காமல் எல்லாம் செய்வாள். அவளுக்கு ஒரு தம்பி. அவனுக்கு மூக்கு தலைகீழாக இருந்தது, அது அவனுக்கே தெரியாது. ஒரு நாள் பெரிய மழை. ஹூஸ்டனில் பெய்த மாதிரி. மூக்கில் தண்ணீர் ஏறி மூச்சுமுட்டிக் கிடந்தான். அக்கா ஓடிவந்தாள். இந்தத் தடவை கேட்டாள், "திருப்பி வைக்கட்டுமா?" அவன் சரி என்று சொல்ல ஒரு கோடைக்காலம் ஆயிற்று. தன் உடம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவனை முதலிலிருந்து செய்தாள்.

கயல் கேட்டுவிட்டு மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்டாள், எடுக்கும்போது அக்காவுக்கு வலித்ததா என்று. எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நர்ஸிடம் விசாரித்தால் வாங்குகிறவனைவிடக் கொடுக்கிறவளுக்குத்தான் வலி அதிகம் என்கிறாள். நீ ஷ்யாமளாவிடம், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய்.

வலிக்குதா? இந்தத் தடவை உண்மையைச் சொல்லு, அக்கா.

மாரி